நவாபின் தோட்டத்து மைதானம்

மைதானம் என்னும் சொல் அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கிப் பின் நம் தமிழில் வந்து குடியேறிய சொல். குதிரை செலுத்தவும், படை பயிலவும், பந்தயம் ஓடவும் ஒதுக்கப்பட்ட வெட்டவெளியை அரபியர் 'மைதான்' என்பர். தமிழில் இதற்கு ஈடான சொற்கள் இல்லாமற் போகவில்லை. ஆடுகளம் என்றனர், திடல் என்றனர், குதிரை பயிலும் வெளியைச் செண்டுவெளி என்றனர். இருப்பினும் சிற்றூர்ச் சிறுவன் முதல் நகரத்து அதிகாரி வரை இன்று யாவர் நாவிலும் புழங்குவது மைதானமே. நாம் வாழும் தூத்துக்குடியில் தருவை மைதானம் என்று ஒன்றுண்டு. மழைக்காலத்தில் நீர் பரந்து நின்று வெயிற்காலத்தில் வற்றிவிடும் தாழ்நிலத்துக்கு நம் பகுதியார் இட்ட பெயர் தருவை. நீர் நின்ற நினைவைத் தமிழ்ச் சொல் தாங்க, பிள்ளைகள் ஓடியாடும் இன்றைய நிலையை அரபுச் சொல் தாங்க, இரண்டும் கைகோத்து நிற்பதை அவ்வழியே செல்லுந்தோறும் நாம் எண்ணி மகிழ்வதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பாடம் கேட்கும் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், சென்னையில் கிரிக்கெட் ஆடும் மைதானத்தை ஒட்டிய சாலைக்கு வாலாஜா சாலை என்று பெயராமே, வாலாஜா என்றால் என்ன பொருள்?" என்று வினவினார். 'வாலா ஜாஹ்' என்பது பாரசீகம். உயர்ந்த மதிப்புடையவர் என்பது பொருள். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி அவர்களுக்கு வழங்கிய பட்டம் அது என்று விடை கூறினோம். மாணவர் அத்துடன் விடவில்லை. "கிரிக்கெட் மைதானத்துப் பக்கம் நவாப் எப்படி ஹஜ்ரத் வந்தார்?" என்றார். "தம்பி, நவாப் அங்கே வரவில்லை. அவருடைய தோட்டத்துக்குள்தான் கிரிக்கெட் வந்தது" என்றோம். அன்று வகுப்பில் சுருங்கச் சொன்னதை வாசக அன்பர்களுக்காக ஈண்டு விரித்துரைக்க விழைகின்றோம்.

நவாபுக்கும் நம் கடற்கரைக்கும் இருந்த தொடர்பை முதலிற் சொல்லிவிடுவது முறை. 18ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி டச்சுக்காரர் கையில் இருந்தது. கடலில் முத்துச் சலாபம் நடந்தபோதெல்லாம், கரைக்குரிய அரசர் என்ற முறையில் ஆர்க்காட்டு நவாப் தமக்கும் பங்குண்டு என்றார். கடலைக் காப்பவர் தாமே என்று டச்சுக்காரர் வாதிட்டனர். இவ்விருவர் வழக்குக்கும் இடையே, காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு, கயிறு பிடிப்பவரை நம்பிக் கடலடிக்கு இறங்கியவர்கள் நம் பரதவரும், காயல், கீழக்கரை முதலிய ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்களும் ஆவர். ஒரு மூச்சுக்குள், ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள், கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு மேலேற வேண்டும். சுறாவுக்கும் அஞ்ச வேண்டும். அவர்கள் எடுத்த சிப்பியில் ஒரு பங்கு கோட்டைக்குச் சென்றது. ஒரு பங்கு அரண்மனைக்குச் சென்றது. சேப்பாக்கத்து அரண்மனையைப் பற்றிப் படிக்கும்போது, அதன் கருவூலத்தில் நம் கரையோர மக்களின் மூச்சும் ஒரு பங்காகச் சேர்ந்திருந்தது என்பதை நாம் மறப்பதில்லை.

அவ்வரண்மனை 1768ஆம் ஆண்டளவில் எழுந்தது. சென்னையில் திருவல்லிக்கேணிக்கு வடகிழக்கே, கடலை நோக்கிய பரந்த நிலத்தில், நூறு ஏக்கருக்கும் மிகுந்த தோட்டத்தின் நடுவே ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் என்னும் இரு மாளிகைகள் கட்டப்பட்டன. கும்பினியைச் சேர்ந்த பால் பென்ஃபீல்டு என்பவரே அதனைக் கட்டினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த பென்ஃபீல்டு நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். நவாபின் கடன்கள் இங்கிலாந்தின் பாராளுமன்றம் வரை சென்றன. 1785இல் எட்மண்டு பர்க் அக்கடன்களைப் பற்றியே நெடிய சொற்பொழிவு நிகழ்த்தினார். சேப்பாக்கம் என்னும் பெயரைப் பற்றியும் ஒரு வழக்குண்டு. உருதுவில் 'சே பாக்' என்றால் ஆறு தோட்டம். அதுவே சேப்பாக்கம் ஆயிற்று என்பார் ஒரு சாரார். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் போல் 'பாக்கம்' என முடியும் பழந்தமிழ் ஊர்ப்பெயரே இது என்பார் மறு சாரார். இரண்டு மொழியிலும் பொருள் தருமாறு ஓர் ஊருக்குப் பெயர் அமைந்தது நமக்கு உவப்பே.

1795இல் முஹம்மது அலி மறைந்தார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சிப் பொறுப்பு முழுதும் கும்பினியிடம் சென்றது. நவாபுக்குப் பட்டமும் மாளிகையும் படித்தொகையும் எஞ்சின. 1855இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் பிள்ளைப்பேறின்றி மறையவே, வாரிசு இழப்புக் கொள்கையைக் காட்டிப் பட்டத்தையும் நிறுத்தினர். 1859இல் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. ஏலம் கூறியவர் எவரோ, வாங்கியது அரசாங்கம். மஹால்கள் அரசு அலுவலகங்கள் ஆயின. இரண்டுக்கும் இடையே சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பினார். நவாபின் உறவினருக்கு ஆர்க்காட்டு இளவரசர் என்னும் பட்டம் 1867இல் வழங்கப்பட்டது. பின்னர் அவர் குடும்பம் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறிற்று. சேப்பாக்கத்துத் தோட்டம் மட்டும் திரும்பி வரவில்லை.

தோட்டத்தின் ஒரு பகுதி கிரிக்கெட்டுக்குச் சென்றது இதன் பின்னரே. சென்னை கிரிக்கெட் கிளப் என்னும் வெள்ளையர் சங்கம் 1846இல் தோன்றியது. கோட்டைக்கு அருகிலிருந்த தீவுத்திடலில் அவர்கள் முதலில் ஆடினர். 1865இல் அரண்மனை நிலத்தின் ஒரு பகுதியை வேலியிட்டு ஆடிக்கொள்ள அரசாங்கம் அவர்களுக்கு அனுமதி அளித்தது. ஆட்டக்காரர் தங்கும் கூடமும் எழுந்தது. தோட்டத்து நிழல் மரங்கள் சுற்றிலும் நிற்க, நடுவே புல்தரை பசுமையாக விரிந்தது. வேலி என்று சொன்னோமே, அதைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு வெட்டவெளி வேலி பெறும்போதுதான் அதற்கு உள்ளென்றும் வெளியென்றும் இரண்டு பக்கம் உண்டாகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், வேறொரு வேலி எழுந்தது. அந்நாட்டார் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் பெரும்பற்று உடையவர்கள். 1862இல் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் கம்மையர் என்பவர், குளிர்காலத்தில் மக்கள் பனிச்சறுக்கு ஆடும் தம் குளத்து நிலத்தைச் சமன்செய்து, சுற்றிலும் வேலி அடைத்து, யூனியன் கிரவுண்ட்ஸ் என்று பெயரிட்டார். உள்ளே வருவோரிடம் ஆளுக்குப் பத்து சென்ட் வாங்கினார். அதுகாறும் திறந்தவெளியில் இலவசமாய்க் காணக் கிடைத்த ஆட்டம் நுழைவுச்சீட்டுக்குரிய பொருளாயிற்று. வாயிலில் சேர்ந்த காசில் ஆட்டக்காரர் கூலி பெறும் நிலை வந்தது. சில ஆண்டுகளில் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட அணிகள் பெருகின. தொழில்முறை விளையாட்டு இவ்வாறு ஒரு வேலியினின்றும் பிறந்தது எனலாம். புரூக்ளின் வேலியைக் கடக்கக் காசு வேண்டியிருந்தது; சேப்பாக்கத்து வேலியைக் கடக்க நிறம் வேண்டியிருந்தது. புரூக்ளினிலும் நிறத்தின் வேலி இல்லாமலில்லை. காணவந்த கறுப்பின மக்களிடம் காசு வாங்கினார்களேயன்றி, பெரிய அணிகளில் கறுப்பின ஆட்டக்காரரைப் பல்லாண்டு சேர்க்கவில்லை. அவ்வேலியை ஜாக்கி ராபின்சன் தாண்டியது 1947 ஏப்ரல் 15 அன்று, அதே புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு என்னும் மைதானத்தில்.

சேப்பாக்கத்தில் அந்நாளில் நிகழ்ந்ததைச் சென்னைக் கிரிக்கெட்டின் வரலாற்றை அறிந்தோர் யாவரும் சொல்வர். இந்திய ஆட்டக்காரர்கள் அங்கு ஆட அழைக்கப்பட்டாலும், உணவு வேளையில் வெள்ளையர் கூடத்துள் மேசையில் அமர்வர். இந்தியர் வெளியே மரத்தடியில் அமர்வர். நவாப் வைத்த மரத்து நிழலில் அந்நாட்டார் விருந்தாளியுமல்லாமல் வீட்டாருமல்லாமல் அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். இதைப் பொறாத ஒருவர் இருந்தார். அவர் புச்சி பாபு நாயுடு. கூடத்துள் இடம் தருக என்று அவர் மனுப் போடவில்லை. 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை நிறுவினார், இந்தியர்க்கெனத் தனித் திடல் அமைத்தார், மட்டையும் பந்தும் தம் பொருளில் வாங்கிக் கொடுத்தார், இளைஞரைப் பழக்கினார். பின்பு, சமமாக நின்று மோத வாருங்கள் என்று சேப்பாக்கத்தாரையே அழைத்தார். ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிர் நின்று ஆடும் போட்டிக்கு 1908இல் நாள் குறித்தாயிற்று. போட்டிக்குச் சிலநாள் முன்னர் அவர் காலமானார். ஆயினும் ஆட்டம் நடந்தது. பின்னர் அது பொங்கல் நாட்களை ஒட்டிய வழக்கமான போட்டியாகிப் பல்லாண்டு நிலைத்தது.

தூத்துக்குடிக்காரராகிய நமக்கு இவ்விடத்தில் வேறொருவர் நினைவுக்கு வராமலிருக்க இயலாது. வெள்ளையர் கப்பலில் இடமும் மதிப்பும் கிடைக்கவில்லை என்று வ.உ.சிதம்பரனாரும் மனுப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கித் துணைநின்றவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். புச்சி பாபு திடலிற் செய்ததை வ.உ.சி. கடலிற் செய்தார். புச்சி பாபு மறைந்த அந்த 1908இல்தான் வ.உ.சி.யும் சிறை புகுந்தார். ஒருவரை மற்றவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் செய்யத்தக்கது எது என்பதில் இருவர் உள்ளமும் ஒன்றே.

வேலி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. 1934ஆம் ஆண்டு சேப்பாக்கத்துக்குப் பெரிய ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியுடன் அங்கு முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது, இந்தியா தோற்றது. நவம்பர் 4ஆம் நாள், ரஞ்சி கோப்பை என இன்று அறியப்படும் போட்டியின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே அதே தரையில் நடந்தது. மைசூர் 48 ஓட்டம், சென்னை 130, மீண்டும் மைசூர் 59. கதிரவன் சாயுமுன் எல்லாம் முடிந்தது. அன்று பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் சென்னையில் வாழ்ந்த சீக்கியரான ஏ.ஜி. ராம்சிங்.

1952 பிப்ரவரியில் நடந்தது அதனினும் பெரிது. டெஸ்ட் ஆட்டங்களில் இறங்கி இருபது ஆண்டு ஆகியும் இந்தியா ஒருமுறையேனும் வென்றதில்லை. இங்கிலாந்து அணி சேப்பாக்கத்துக்கு வந்தது. ஆட்டம் தொடங்கிய பிப்ரவரி 6ஆம் நாளே ஆறாம் ஜார்ஜ் மன்னர் மறைந்த செய்தி வந்தது. ஓய்வு நாளை மறுநாளுக்கு மாற்றினர். 10ஆம் நாள் இந்தியா ஓர் இன்னிங்சும் 8 ஓட்டமும் மிகுதியாகப் பெற்று வென்றது. வினூ மன்கட் இரு இன்னிங்சிலும் சேர்ந்து பன்னிரண்டு விக்கெட் வீழ்த்தினார். தலைவர் விஜய் ஹசாரே கிறித்தவர். நூறு அடித்த உம்ரிகர் பார்சி; நூறு அடித்த மற்றொருவர் வங்காளத்துப் பங்கஜ் ராய். இறுதி இன்னிங்சில் மன்கட்டுடன் நின்று நான்கு விக்கெட் எடுத்தவர் ஐதராபாத்தின் குலாம் அஹ்மது. எந்த மரத்தடியில் இந்தியர் உண்டனரோ அந்த மைதானத்திலேயே இந்தியாவின் முதல் வெற்றி விளைந்தது.

இடையிற் சில ஆண்டுகள் டெஸ்ட் ஆட்டங்கள் சென்னை மாநகராட்சியின் ஸ்டேடியத்துக்குச் சென்றன. 1967 சனவரியில் மேற்கிந்தியத் தீவு அணி வந்தபோது சேப்பாக்கத்துக்கே திரும்பின. பின்னர் மைதானம் எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம் எனப் பெயர் பெற்றது. மரங்கள் இருந்த இடத்தில் சிமெந்து மாடங்கள் எழுந்தன. என்றாலும் மக்கள் வாயில் அது சேப்பாக்கம்தான்.

நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பருவத்தில் அம்மைதானத்தை வானொலி வழியே அறிந்தோம். தமிழில் கிரிக்கெட் வருணனை கேட்பது அந்நாளில் தனிச் சுவை. அவ்வருணனைக்குத் தமிழகமெங்கும் பெயர்பெற்ற அப்துல் ஜப்பார் நம் சாத்தான்குளத்தார் என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமிதம் உண்டு. 2020இல் அவர் மறைந்தபோது நம் வயதொத்தோர் பலர் தம் இளமையின் ஒரு குரலை இழந்தனர். 1986 செப்டம்பர் 22ஆம் நாள் ஆஸ்திரேலியாவுடனான ஆட்டத்தின் இறுதி நாள். அஸர் தொழுகை முடித்த மாணவர் சிலர் தெருமுனைத் தேநீர்க்கடை வானொலியைச் சூழ்ந்து நின்றோம். இந்தியாவுக்கு வேண்டியது 348; கடைசி ஆட்டக்காரர் வீழ்ந்தபோது இருந்தது 347. அதுவரை டெஸ்ட் வரலாற்றில் ஒரே ஒருமுறை, 1960இல் பிரிஸ்பேனில், நிகழ்ந்த சமநிலை சேப்பாக்கத்தில் இரண்டாம் முறை நிகழ்ந்தது. தாமதமாய்த் திரும்பிய எங்களை உஸ்தாது வாயிலில் நிறுத்தினார். கடிந்துகொள்வார் என்று தலைகுனிந்தோம். அவரோ, பெருநாளன்று ஹபஷி நாட்டார் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியதையும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை அதைக் காணவைத்துத் தாமும் நின்றதையும் நினைவூட்டி, "பார்ப்பது சரி; பாடம் தவறக்கூடாது" என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றோம். கிரிக்கெட் என்ற பேச்சு வந்தால் நம் சமூகத்தார் பலரும் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்பர். நாமும் சந்தித்தோம். 1990களில் ஒரு தொடர்வண்டிப் பயணத்தில் எதிரே அமர்ந்திருந்த ஒருவர், அதுவரை வானிலை பற்றியும் விலைவாசி பற்றியும் இனிமையாய்ப் பேசி வந்தவர், திடீரெனக் குரலைத் தாழ்த்தி, "பாய், இந்தியா பாகிஸ்தான் மேட்ச்னா நீங்க யாரு பக்கம்?" என்றார். அவர் முகத்தில் பகைமை இல்லை. அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. அதனால்தான் அக்கேள்வி ஆழமாய்த் தைத்தது. நம் பாட்டனாரும் பூட்டனாரும் இக்கடற்கரை மணலில் அடங்கியிருக்க, நாம் எந்தப் பக்கம் என்று நம்மிடமே கேட்கலாமென ஒரு நல்ல மனிதர் எண்ணுகிறாரே என்று மனம் வெதும்பிற்று. "நான் தூத்துக்குடிப் பக்கம், அண்ணாச்சி" என்றோம். அவர் சிரித்துவிட்டார். பேச்சு மீண்டும் விலைவாசிக்குத் திரும்பிற்று. நெஞ்சில் தைத்தது நின்றது.

1997 மே 21ஆம் நாள் பாகிஸ்தானின் சயீத் அன்வர் சேப்பாக்கத்தில் 194 ஓட்டங்கள் குவித்தார். ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை உலகில் எவரும் ஆடவர் ஆட்டத்தில் அவ்வளவு எடுத்ததில்லை. அடிக்கப்பட்டது இந்தியப் பந்துவீச்சு. ஆயினும் சென்னை மக்கள் கைதட்டினர். 1999 சனவரியிலோ நாட்டின் நிலை வேறு. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட வருகிறது. எதிர்ப்பும் பலமாக இருந்தது. தில்லி மைதானத்தின் ஆடுதளத்தை இரவோடு இரவாகச் சிலர் தோண்டிப் போட்டனர். தில்லியில் நடக்கவிருந்த முதல் ஆட்டம் சேப்பாக்கத்துக்கு வந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து இரு வாரங்கள் ஆகியிராத நேரம். சனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, தூத்துக்குடிக் கடைத்தெருவில் தொலைக்காட்சி இருந்த கடைகளின் முன்னெல்லாம் கூட்டம். நாமும் ஒரு கடைவாயிலில் நின்றோம். இந்தியா வெல்ல வேண்டியது 271. முதுகு வலியோடு நின்று சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். இன்னும் 17 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் அவர் வீழ்ந்தார். நான்கே ஓட்டங்களுக்குள் எஞ்சிய மூவரும் வீழ்ந்தனர். பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் வென்றது. சேப்பாக்கம் பேச்சற்றுப் போயிற்று. நம்மைச் சுற்றி நின்றவர்களும் பேசவில்லை. நமக்கு உள்ளூர நடுக்கம். இனி என்ன ஆகுமோ, யார் யாரை நோக்கி என்ன சொல்வாரோ என்று எண்ணி நின்றோம்.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. மாடத்தின் ஒரு பக்கத்தில் சிலர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினர். அது அடுத்த மாடத்துக்குப் பரவியது. மைதானம் முழுதும் எழுந்தது. வசீம் அக்ரமும் அவர் தோழர்களும் முதலில் திகைத்தனர். பின்னர் மைதானத்தை வலம் வந்தனர். அவர்கள் சென்ற பக்கமெல்லாம் தோற்ற நாட்டு மக்கள் நின்றுகொண்டு கைதட்டினர். கண் கலங்கியிருந்தவர்கள் கைதட்டினர் என்பதே அதன் சிறப்பு. வெற்றி பெறாத வருத்தத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பொருட்டு நேர்மையையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைவாயிலில் நம் அருகே நின்ற மீனவ இளைஞர் ஒருவர், "நல்லாத்தான் ஆடுனாங்க, பாய்" என்று சொல்லி நடந்தார். தொடர்வண்டியில் தைத்த முள்ளை அன்று அவர் அறியாமலே எடுத்துவிட்டார்.

இதற்குச் சில திங்கள் கழித்து ஏட்டுச்சுவடி ஒன்றைப் பார்வையிடும் பொருட்டுச் சென்னை சென்ற நாம், வேலை முடிந்ததும் வாலாஜா சாலை வழியே நடந்தோம். மைதானத்தில் அன்று ஆட்டம் ஏதுமில்லை, வாயில்கள் சாத்தியிருந்தன. மதிலை ஒட்டிச் சிறிது நேரம் நடந்துவிட்டு அப்படியே திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1795இல் வாலாஜா குடும்பத்தார் எழுப்பிய பள்ளி அது. அப்பள்ளி எழுந்த ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதை அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. அதை யாத்தவர் நவாபின் அவையில் இருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். பள்ளியிலிருந்து நடக்கும் தொலைவில் பார்த்தசாரதி கோயில், மறுபுறம் கடல், இடையே மைதானம். சேப்பாக்கத்துக் கூட்டம் 1999இல் செய்தது திடீரென முளைத்ததன்று, இந்தத் தெருக்களில் நெடுங்காலமாய் வளர்ந்து வந்த பழக்கம் அது என்று நமக்குத் தோன்றிற்று.

நம்மவருள் சிலர் சேப்பாக்கம் என்றதும் பெருமூச்சு விட்டு, "அது நம் நவாபுக்கு இருந்த சொத்து, பறித்துக்கொண்டார்கள்" என்பர். பறித்தது உண்மை. 1859இன் ஏலம் நீதியாகாது. ஆனால் அது நமக்கு இருந்த சொத்து என்பதை நாம் ஏற்கத் தயங்குகின்றோம். கடன்மேற் கடன் வாங்கிக் கட்டிய மாளிகை அது. அக்கடனுக்கு வட்டி கட்டியவர் வயலில் உழுதவர். அதன் கருவூலத்துக்கு முத்துப் பங்கு அளந்தவர் கடலில் மூழ்கியவர். அவர்களுக்கு அத்தோட்டத்தின் வாயில் திறந்திருக்கவில்லை. வெள்ளையர் வேலி போடுமுன்பே நவாபின் மதில் அங்கு இருந்தது. காயல் முத்துக்குளிப்பவரின் பேரனும், பரதவரின் பேரனும், உழவரின் பேரனும் ஒரே மாடத்தில் தோளுரசி அமர்ந்து ஆட்டம் காணும் நிலை நவாப் காலத்தில் வரவில்லை. கும்பினி காலத்திலும் வரவில்லை. மக்கள் காலத்தில்தான் வந்தது. நம் பிள்ளைகளுக்கு உரிமையாய்ச் சொல்லித்தர வேண்டியது அப்பங்கையே.

அப்பங்கும் தானே நிலைத்துவிடாது. 2008இல் ஐ.பி.எல். போட்டி வந்தது முதல் சேப்பாக்கம் முழுமையான தொழில்முறை மைதானமாய்விட்டது. புரூக்ளினில் கம்மையர் வாங்கிய பத்து சென்ட் எங்கே, இன்று ஒரு குடும்பம் நான்கு சீட்டு வாங்கக் கொடுக்கும் தொகை எங்கே! நிறத்தால் அடைத்த வேலி போயிற்று. காசால் அடைக்கும் வேலி உயர்ந்து வருகிறது. 2011 உலகக் கோப்பையை ஒட்டிக் கட்டிய மூன்று மாடங்கள், கட்டட விதி பற்றிய வழக்கால், மக்கள் வெளியே நிற்கப் பல்லாண்டு பூட்டிக் கிடந்தன. பிற்பாடே திறந்தன. 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி பெயரில் புதிய மாடமும் திறக்கப்பட்டது. அரண்மனையின் கலஸ் மஹால் 2012 சனவரியில் தீப்பற்றி, தீயணைக்கச் சென்றவர் ஒருவர் உயிரையும் கொண்டது. பின்னர் அது சீர்செய்யப்பட்டது. கல்லும் மரமும் இவ்வாறு எரிந்தும் எழுந்தும் மாறுகின்றன. யூனியன் கிரவுண்ட்ஸ் 1880களிலேயே மறைந்தது. ராபின்சன் ஆடிய எபெட்ஸ் ஃபீல்டை 1960இல் இடித்தனர். அங்கே இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. நம் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். சலாப நாட்களில் கரையில் ஒரு நகரமே எழும். கொட்டகைகள், கடைகள், தொழுமிடம், வைத்தியர், வணிகர் என எல்லாம் இருக்கும். சலாபம் முடிந்த மறுவாரம் மணல் மட்டும் கிடக்கும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆட்டம் முடிந்த மைதானமும் அவ்வாறே.

ஆகவே, நம் இல்லங்களில் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து சேப்பாக்கத்து ஆட்டத்தைக் காணும்போது, பெற்றோர் ஒரு பத்து நிமிடம் உடன் அமருங்கள். அந்தச் சாலையின் பெயர் யாருடையது என்று சொல்லுங்கள். மரத்தடியில் உண்டவர்களைச் சொல்லுங்கள். புச்சி பாபுவைச் சொல்லுங்கள். குலாம் அஹ்மதைச் சொல்லுங்கள். தோற்ற பின்னும் எழுந்து நின்று கைதட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாயம் சொல்லுங்கள். யார் பக்கம் என்று நாளை யாரேனும் அவர்களைக் கேட்டால், அந்தக் கூட்டத்தின் பக்கம் என்று அவர்கள் தயங்காது சொல்லட்டும்.